அச்சமும் அளவுகோலும்: மறுக்கப்பட்ட தஞ்சமும் நீதிமன்ற மீளாய்வும்

அச்சம் பிறக்கும் களங்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்கென வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர் என்னும் மூன்றின் பின்னர் அவர் நான்காவதாக வைத்தது ‘தம் இறை’. காக்க வேண்டியவனே அஞ்சப்படும் பொருளாகவும் அமையக்கூடும் என்பதை அத்துணைப் பழைய நூலொன்று எவ்வித வியப்புமின்றிப் பதிவு செய்திருக்கிறது. 1951ஆம் ஆண்டு யூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் நிறைவேற்றப்பெற்ற அகதிகள் சாசனம் பெரிதும் பேசுவது இந்த நான்காவது அச்சத்தைப் பற்றியே. இனம், மதம், தேசியம், குறித்ததொரு சமூகக் குழுவின் அங்கத்துவம், அரசியற் கருத்து ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்னும் ‘நன்கு அடிப்படையுள்ள’ அச்சத்தினால் தன் நாட்டுக்கு வெளியே நிற்பவரே அகதி என்பது அதன் வரைவிலக்கணம்.

தொல்காப்பியர் அச்சத்தை அதன் காரணத்தோடு சொல்லி அமைந்தார். அதை அளந்து பார்த்து ஏற்பதோ தள்ளுவதோ இலக்கண ஆசிரியரின் வேலையன்று. சாசனம் எழுதியோர் ஓர் அடைமொழியைச் சேர்த்தனர். அளக்கும் வேலை அந்த அடைமொழியோடு பிறந்தது. யார் அளப்பது, எக்கோலால் அளப்பது, அளந்தவர் பிழைவிட்டால் யாரிடம் முறையிடுவது என்னும் கேள்விகளுக்கு நாடுகளின் நீதிமன்றங்கள் நாற்பதாண்டுக்கும் மேலாக விடை தேடி வந்துள்ளன. அத்தேடலின் முக்கியமான கட்டங்கள் பலவற்றில் மன்றின் முன் நின்றோர் ஈழத் தமிழர்.

மேன்முறையீடு வேறு, நீதிமன்ற மீளாய்வு வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி ஏமாந்தோர் பலர். மேன்முறையீட்டில் வழக்கு மீண்டும் திறக்கப்படும், சாட்சியம் கேட்கப்படும், முன்னைய முடிவு பிழையெனத் தோன்றின் புதிய முடிவு அதன் இடத்தில் வைக்கப்படும். மீளாய்வில் இவை எவையும் நிகழ்வதில்லை. அரசரின் பெயரால் வழங்கப்பட்ட பழைய ஆங்கிலப் பேராணைகளின் வழிவந்தது அந்த அதிகாரம். அதிகாரி சட்டத்தைச் சரியாக விளங்கிக்கொண்டாரா, பாதிக்கப்படுபவருக்கு விடையளிக்க வாய்ப்பளித்தாரா, கருத வேண்டியவற்றைக் கருதினாரா, அறிவுள்ள எவரும் வந்தடைய முடியாத முடிவொன்றை வந்தடைந்தாரா என்பவற்றை மட்டுமே அது வினவும். விண்ணப்பதாரரின் அச்சம் உண்மையா என்பது அதன் வினாவன்று. அச்சத்தை நிறுத்தவரின் தராசையே அது சோதிக்கிறது. தராசு நேராக இருப்பின் நிறை எதுவாயினும் அது நிற்கும்.

இறுதியாகச் சொன்ன அந்த அளவீடு எங்கிருந்து வந்தது என்பதை அறிவோர் சற்றே திகைப்பர். 1947ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வெட்னஸ்பரி என்னும் சிறு நகரத்துச் சினிமாக் கொட்டகையொன்று ஞாயிற்றுக்கிழமைகளில் படம் காட்ட அனுமதி கேட்டது. பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அனுமதிக்கலாகாது என்ற நிபந்தனையோடு நகரசபை அனுமதி வழங்கியது. அந்த நிபந்தனை நியாயமற்றது எனக் கொட்டகையின் உரிமையாளர் தொடுத்த வழக்கில் கிறீன் பிரபு வகுத்த விதியே, பின்னர் உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவரின் வழக்கிலும் அளவுகோலாயிற்று. பிள்ளைகள் ஞாயிறு படம் பார்ப்பதும் மனிதரொருவர் சிறைக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவதும் ஒரே கோலால் அளக்கப்பட்டன.

1983 யூலை வன்செயல்களின் பின் பிரித்தானியாவை நாடி வந்த தமிழரின் தொகை பெருகியது. 1985 மே மாதத்தில் இலங்கைப் பிரசைகளுக்கு முன்விசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது பிரித்தானியா அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. விசா கேட்கும் இடத்தில் தஞ்சம் கேட்பவனுக்கு விசா கிடைப்பதில்லை; ஆகவே வேறு நாடுகளின் வழியாகவும் பிறர் கடவுச்சீட்டுகளோடும் மக்கள் வந்தனர். 1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழரை அவசரமாகத் திருப்பியனுப்ப முயன்றபோது, விமானத்தில் ஏற மறுத்தோர் குளிர் உறையும் மாதத்தில் தம் உடைகளைக் களைந்து திறந்தவெளியில் நின்றனர். அன்றைய நாளிதழ்களின் முகப்பில் வெளிவந்த அப்படத்தை நினைவில் வைத்திருப்போர் இன்றும் உளர். மானத்தைப் பெரிதெனப் போற்றும் மரபினர் அதனையே ஆயுதமாக்க நேர்ந்த கணம் அது. அன்று அவர்களைக் காத்தது மேல் நீதிமன்றம் பிறப்பித்த இடைநிறுத்த ஆணை. மீளாய்வுக்கு அனுமதி கோரும் ஒரு விண்ணப்பம், இரைந்து நின்ற விமானமொன்றைத் தடுத்தது.

அரசின் விடையும் விரைவாக வந்தது. உரிய பத்திரமின்றி வருபவரை ஏற்றிவரும் விமான நிறுவனம் ஆளொருவருக்கு 1,000 பவுண் செலுத்த வேண்டுமென அதே ஆண்டில் சட்டமியற்றப்பட்டது. வந்தவர்களுள் ஒரு பகுதியினர் ஹாரிச் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்த ‘ஏர்ல் வில்லியம்’ என்னும் பழைய பயணக் கப்பலில் அடைத்து வைக்கப்பட்டனர். ஒக்டோபர் மாதப் பெரும்புயலில் அக்கப்பல் கட்டறுந்து தரைதட்டியது. நீதிமன்றம் திறக்காத கதவை அங்கே காற்றுத் திறந்தது. உள்ளிருந்தோர் அதன்பின் தடுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டனர்.

அந்தப் பெப்ரவரியிலேயே பிரபுக்கள் சபை வேறொரு தீர்ப்பையும் வழங்கியிருந்தது. புக்டேகே முதலியோரின் வழக்கு எனச் சட்ட நூல்கள் அதனைக் குறிக்கும். அதில் இணைந்திருந்தவருள் ஒருவர் உகண்டா நாட்டவர். கென்யா வழியாக வந்தவர். அவரைக் கென்யாவுக்கு அனுப்பினால் அங்கிருந்து உகண்டாவுக்குத் தள்ளப்படுவாரா என்பதை அதிகாரிகள் தக்கவாறு ஆராயவில்லை எனக் கண்டு முடிவு நீக்கப்பட்டது. உரிமைகள் அனைத்திலும் அடிப்படையானது உயிர்வாழும் உரிமை. அதனை ஆபத்துக்குள்ளாக்கக்கூடிய முடிவை நீதிமன்றம் மிகுந்த கவலையோடு நுணுகி நோக்க வேண்டும் என்பது பிரிட்ஜ் பிரபுவின் கருத்து. சினிமாக் கொட்டகையின் கோல் தஞ்ச வழக்கில் சற்றேனும் கூர்மையாக்கப்பட்டது இங்குதான்.

இந்தப் பின்னணியில் எழுந்ததே சிவகுமாரன் வழக்கு. இலங்கையிலிருந்து வந்து தஞ்சம் மறுக்கப்பட்ட ஆறு தமிழர் அதில் வழக்காளிகள். துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ நுழைவு மறுக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்யலாம். ஆயின் நாட்டை விட்டு வெளியேறிய பின்னரே செய்யலாம் என்பது 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் ஏற்பாடு. அஞ்சி ஓடிவந்த இடத்துக்கே திரும்பிச் சென்று, அங்கிருந்து, தன் அச்சம் உண்மையானது என எழுத வேண்டும். ஆகவே நாட்டினுள் நின்று வாதாட அவர்களுக்கு இருந்த ஒரே வழி மீளாய்வு.

வடக்கில் இராணுவத்தின் நடவடிக்கைகள் தீவிரவாதிகளைத் தேடும் பொதுவான நடவடிக்கைகளே, தமிழர் என்பதற்காகத் துன்புறுத்துவதற்கு அவை சான்றாகா என்பது உள்துறை அமைச்சின் நிலை. மேல் நீதிமன்றில் தமிழர் தோற்றனர். 1987 ஒக்டோபர் 12ஆம் நாள் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. ‘நன்கு அடிப்படையுள்ள’ என்பதை அஞ்சுபவரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றார் அதன் தலைவர் சேர் ஜோன் டொனால்ட்சன். அவர் காட்டிய உவமை சுவையானது. முகமூடியணிந்த ஒருவன் வங்கிக் காசாளரின் முன் துப்பாக்கியை நீட்டுகிறான். காசாளரின் அச்சம் நன்கு அடிப்படையுள்ளது. ஒரு நிமிடம் கழித்து அது வெறும் பிளாஸ்ரிக் பொம்மை எனத் தெரியவந்தாலும், முன்பிருந்த அச்சத்தின் அடிப்படை இல்லாது போய்விடுவதில்லை. தொல்காப்பியரின் மூன்றாவது களமாகிய கள்வரைக் கொண்டு நான்காவது களத்தை விளக்கினார் அந்த ஆங்கிலேய நீதியரசர். நியாயமான மனவுறுதியுள்ள ஒருவரும் அஞ்சத்தக்க நிலை இருந்ததா என்பதே கேள்வி என்றது அம்மன்று.

இரண்டே மாதங்களில், டிசெம்பர் 16ஆம் நாள், பிரபுக்கள் சபை அதனைப் புரட்டியது. ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையாளர் அலுவலகம் வழக்கில் இடையிட்டு, அஞ்சுபவரின் மனநிலைக்கு முதன்மை தரவேண்டும் என வாதிட்டும் பயனில்லை. சாசனத்தின் நோக்கம் அச்சத்தைத் தணிப்பது அன்று, மெய்யாகவே ஆபத்துள்ளோருக்குப் புகலிடம் தருவது என்றனர் பிரபுக்கள். ஆகவே அஞ்சுபவருக்குத் தெரிந்ததை மட்டுமன்றி அமைச்சருக்குத் தெரிந்த யாவற்றையும் வைத்து, துன்புறுத்தல் நிகழ்வதற்கு ‘நியாயமான அளவு சாத்தியம்’ உண்டா எனப் பார்க்க வேண்டும். அந்தச் சொற்றொடர் சிங்கப்பூர் அரசு தொடர்பான 1971ஆம் ஆண்டு நாடுகடத்தல் வழக்கொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அமைச்சர் சரியான வினாவையே கேட்டிருந்தார், எனவே அவருடைய விடையில் மன்று தலையிடாது எனத் தீர்ப்பாயிற்று.

இத்தீர்ப்பைத் தமிழர் வெறுத்ததில் வியப்பில்லை. ஆயினும் அதில் ஒரு பாதி பின்வந்தோருக்கு உதவியது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆபத்து நேர்வதற்கே கூடுதலான வாய்ப்பு உண்டென, ஐம்பது வீதத்துக்கு மேல் நிறுவ வேண்டியதில்லை என்பது அதனால் உறுதியாயிற்று. அதே 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிக்கரகுவா நாட்டுப் பெண்ணொருவரின் வழக்கில், பத்தில் ஒரு பங்கு வாய்ப்பும் போதுமானதாகலாம் என்றது. 1989இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் சீனர் ஒருவரின் வழக்கில் ‘உண்மையான வாய்ப்பு’ என்னும் அளவை வகுத்தது. கேடு மற்றப் பாதியில் இருந்தது. எந்தச் செய்தியை எவ்வளவு நம்புவது என்பது அமைச்சரின் கையிலேயே விடப்பட்டது. அந்த ஒக்டோபரிலிருந்தே யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மூண்டிருந்தது. இலண்டனில் சொற்களின் பொருள் ஆராயப்பட்ட அதே வாரங்களில் அங்கே வீடுகள் எரிந்தன.

1988 பெப்ரவரியில் அவர்கள் திருப்பியனுப்பப்பட்டனர். அதன் பின்னரே கதை எவரும் எதிர்பாராத திருப்பத்தை அடைகிறது. நாட்டுக்கு வெளியேயிருந்து செய்ய அனுமதிக்கப்பட்ட அந்த மேன்முறையீட்டை அவர்களுள் ஐவரின் சட்டத்தரணிகள் இலண்டனில் தொடர்ந்தனர். 1989 மார்ச்சில் குடிவரவுத் தீர்ப்பாளர் ஒருவர் அவர்களின் விபரங்களை முழுமையாக ஆராய்ந்து, ஐவருக்கும் நன்கு அடிப்படையுள்ள அச்சம் இருந்தது, அவர்கள் தாமதமின்றிப் பிரித்தானியாவுக்கு அழைக்கப்பட வேண்டும் எனத் தீர்த்தார். அதனை மாற்ற அரசு எடுத்த முயற்சி பலிக்கவில்லை. அதே ஒக்டோபரில் அவர்கள் திரும்பி வந்தனர். ஐந்து பிரபுக்கள் ஒருமித்துத் தள்ளிய கோரிக்கையைக் கீழ்நிலைத் தீர்ப்பாளர் ஒருவர் ஏற்றார். இருவரும் சட்டப்படி பிழை செய்யவில்லை. ஒருவரிடம் கேட்கப்பட்டது தராசு நேரா என்னும் கேள்வி. மற்றவரிடம் கேட்கப்பட்டது நிறை என்ன என்னும் கேள்வி. இடைப்பட்ட காலத்தில், ஐவருள் மூவர் ஊரில் மீண்டும் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தனர்.

ஸ்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்கும் அவர்கள் சென்றனர். வில்வராஜா வழக்கு என்பது அங்கே அதன் பெயர். 1991 ஒக்டோபர் 30ஆம் நாள் வந்த தீர்ப்பு அவர்களுக்குப் பாதகமாயிற்று. அனுப்பப்பட்ட நேரத்தில் நாட்டின் நிலை ஓரளவு சீர்பட்டிருந்தது, மற்றைய தமிழரிலிருந்து அவர்களை வேறுபடுத்தும் சிறப்பான ஆபத்து எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை என எட்டு நீதியரசர் கொண்டனர், ஒருவர் மறுத்தார். மீளாய்வே போதிய பரிகாரம் என எழுவர் கொண்டனர், இருவர் மறுத்தனர். எல்லோருக்கும் பொதுவான ஆபத்து எவருக்கும் தனியான ஆபத்தாகாது என்னும் அந்தத் தருக்கம் பின்னர் எத்தனையோ மறுப்புக் கடிதங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. தனித்துவம் நிறுவ முடியாதவன் துன்பமும் நிறுவ முடியாதவனானான்.

தோற்ற வழக்குகள் சில வேளைகளில் வென்ற வழக்குகளிலும் கூடுதலாகச் செய்கின்றன. நாட்டை விட்டு அனுப்பப்படுமுன்னரே தஞ்சக் கோரிக்கையாளர் மேன்முறையீடு செய்யும் உரிமை 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியாவில் வழங்கப்பட்டது. கனடா இவ்விடயத்தில் முந்திக்கொண்டது. இந்தியாவிலிருந்து சென்ற சீக்கியர் முதலியோர் தொடுத்த சிங் வழக்கில், 1985 ஏப்ரில் 4ஆம் நாள், ஒருவரின் நம்பகத்தன்மையே பிரச்சினையாகும்போது அவரை நேரில் அழைத்துக் கேளாமல் முடிவு செய்யலாகாது என அங்குள்ள உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 1989இல் இயங்கத் தொடங்கிய குடிவரவு, அகதிகள் சபை அத்தீர்ப்பின் பிள்ளை. அதன் முன் அமர்ந்து தம் கதையைச் சொன்ன தமிழர் பல்லாயிரவர்.

இலண்டனில் 2000ஆம் ஆண்டு சனவரியில் கருணாகரன் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியதும் இங்கு நினைக்கத்தக்கது. கொழும்பில் போய் வாழலாமே என்று கூறித் தஞ்சம் மறுக்கப்பட்ட ஒரு தமிழரின் வழக்கு அது. கடன் வழக்கில் ரசீது காட்டுவதுபோல் அகதி தன் கடந்த காலத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. நிச்சயமாகப் பொய்யென ஒதுக்கத்தக்கவை தவிர, ஐயத்துக்குரியவற்றையும் அவற்றின் ஐயத்தோடு சேர்த்தே நிறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நீதியரசர் செட்லியின் அத்தீர்ப்பு இத்துறையில் மனிதரைப் பற்றிய அறிவோடு எழுதப்பட்ட சிலவற்றுள் ஒன்று.

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது பாராளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலான நெடும் இழுபறி. 1994 செப்டெம்பரில் ‘பாதுகாப்பு விசா’ என்னும் வகை நடைமுறைக்கு வந்தது. மறுக்கப்பட்டோர் நீதிமன்றம் செல்வதை அரசு விரும்பவில்லை. 2001இல், குடிவரவு முடிவுகளை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்தலாகாது என்னும் பொருள்படச் சட்டம் திருத்தப்பட்டது. 1901ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே, அரச அதிகாரிகளுக்கு எதிராக ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு வழங்கப்பட்டுள்ளது. அதிகார வரம்பை மீறிய முடிவு சட்டத்தின் கண்ணில் முடிவே அன்று, ஆகவே அத்தடை அதற்குப் பொருந்தாது என 2003 பெப்ரவரியில் அம்மன்று விடையிறுத்தது.

2010 நவம்பரில் அங்கு வென்ற இருவரும் ஈழத் தமிழர். கிறிஸ்மஸ் தீவில் இறக்கப்பட்டதால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் உரிமையே அற்றிருந்த அவர்களின் கோரிக்கைகளை, சட்டம் தழுவாத ஒரு நடைமுறைக் கைந்நூலின்படி ஆராய்ந்து தள்ளியிருந்தனர். பெயர்களுக்குப் பதிலாக எழுத்தும் எண்ணும் கொண்டு குறிக்கப்பட்ட அவ்விருவரின் வழக்கில், நீதியரசர் எழுவரும் ஒருமித்து, அந்த விசாரணையும் சட்டத்துக்கும் நேர்மையான நடைமுறைக்கும் கட்டுப்பட்டதே என்றனர். பாதகமான தகவலொன்று கையிலிருக்கையில் அதனை அவரிடம் காட்டி விடை கேட்காமல் முடிவு செய்தது தவறு. எளிய நியாயம், அதைப் பெற நாட்டின் அதியுயர் மன்றம்வரை போக நேர்ந்தது.

வெற்றி நிலைத்ததென்று சொல்ல இயலாது. 2014 யூனில் பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 தமிழரை நடுக்கடலில் மறித்து ஏறக்குறைய ஒரு மாதம் சுங்கக் கப்பலில் வைத்திருந்தது சட்டப்படி சரியே என 2015 சனவரியில் நால்வர் மூவரென்னும் பெரும்பான்மையால் அதே மன்று தீர்த்தது. கடல்வழி வந்தோருக்கென 2015இலிருந்து இயங்கிய ஒரு மதிப்பீட்டு அதிகாரசபை, விண்ணப்பதாரரை வழமையாக நேரில் காணாமலே தாள்களைப் பார்த்து முடிவு செய்தது. 2024 ஒக்டோபரில் அது ஒழிக்கப்பட்டது. முப்பதாண்டின் முன் கனடா மூடிய கதவை அவுஸ்திரேலியா ஒன்பது ஆண்டுகள் திறந்து வைத்திருந்தது என்பதே அதன் பொருள்.

2021 ஒக்டோபரில் கனடாவை நோக்கிச் சென்ற தமிழரின் படகொன்று இந்து சமுத்திரத்தில் பழுதடைந்து, அதிலிருந்த 89 பேர் டியேகோ கார்சியாவில் கரைசேர்க்கப்பட்டனர். பிரித்தானியாவின் ஆட்சியிலிருந்தும் அகதிகள் சாசனம் எட்டாத தீவு அது. அமெரிக்கப் படைத்தளம் உள்ள இடம். அவர்களுக்கென ஒரு தனி நடைமுறை வகுக்கப்பட்டது. அதன்கீழ் வழங்கப்பட்ட மறுப்புகள் சில மீளாய்வுக்கு உட்பட்டபோது, அவை சட்டத்துக்கு மாறானவை என 2023இல் அரசே ஒப்புக்கொண்டது. ஆயினும் கூடாரங்களில் இருந்தோர் அங்கேயே இருந்தனர். அவர்களின் தடுத்துவைப்பு சட்டபூர்வமானதா என்னும் வழக்கு 2024 செப்டெம்பரில் கேட்கப்பட்டபோது, பதில் நீதியரசர் மார்கரெட் ஓபி தீவுக்கே சென்றார். எலிகள் நடமாடிய கூடாரங்களையும் சுற்றியடைத்த வேலியையும் நேரில் நடந்து பார்த்தார். மூன்றாண்டாக அங்கிருந்தோரின் வாய்ச்சொல்லை அவ்விடத்திலேயே கேட்டார். தடுத்துவைத்தது சட்டவிரோதம் என்னும் தீர்ப்பு அவ்வாண்டு டிசெம்பர் 16ஆம் நாள் வெளிவந்தது. சிவகுமாரன் வழக்கில் பிரபுக்கள் தீர்ப்பளித்த அதே திகதி. இடையில் முப்பத்தேழு ஆண்டுகள். தீர்ப்பு வருமுன்னரே, அம்மாதத் தொடக்கத்தில், அவர்களுள் பெரும்பாலானோர் இங்கிலாந்துக்கு விமானமேற்றப்பட்டிருந்தனர்.